அடுத்த வருசம் ஓடிக்கலாம்

“அடுத்த வருசம் ஓடிக்கலாம் கோகிலா, பந்தயம் என்ன பறந்தா போயிரும்?” என்று நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் நந்தகோபால் சொன்னான். சொல்லிவிட்டு, ரசம் ஊற்று என்று தட்டுக்கு மேல் விரலைக் காட்டினான். இவளும் ஊற்றினாள். அதுதான் ஆறவில்லை. அவன் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், கட்டியவன் நாலும் சொல்வான். அப்படிச் சொன்ன வாய்க்குக் கேட்டவுடன் ரசம் ஊற்றிய தன் கையை நினைத்தால்தான் கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைக் கீழே வைத்திருக்கலாம். நீங்களே ஊத்திக்கங்க என்று சொல்லியிருக்கலாம். கொதிக்கக் கொதிக்க மடியில் ஊற்றியிருக்கலாம். எல்லாம் இப்போது தோன்றுகிறது, பீளமேட்டில் வீட்டுக் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அவிநாசி சாலையில் ஓடத் தொடங்கிய பிறகு. வேண்டிய நேரத்தில் வாய் பூட்டிக்கொள்ளும், வேண்டாத நேரத்தில் நூறு பேச்சு பேசும், அப்படி ஒரு வாய் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை, மேம்பாலத்துத் தூண்களிலிருந்து ராத்திரி மழை சொட்டிக்கொண்டிருந்தது. பேரூர் வரை போய்த் திரும்ப வேண்டும். டிசம்பர் மாரத்தானுக்கு முன்னால் கடைசி நீள ஓட்டம், முப்பது கிலோமீட்டர். மாரத்தானே இல்லை என்று ஆன பிறகு முப்பது எதற்கு என்று எழுந்ததும் கேட்பான். கேட்கட்டும். ஆக்கின சோற்றை யாராவது சாக்கடையில் கொட்டுவார்களா? எட்டு மாசமாகக் காலில் ஆக்கி வைத்த சோறு இது, பந்தி வைத்தே தீருவது என்று அவள் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

பிசகு அவளுடையதுதான், அதை அவள் மறைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மாமனார் திதி என்றைக்கு, அமாவாசை என்றைக்கு, யாருக்கு எந்த நட்சத்திரம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் எடுத்துச் சொல்கிறவளே அவள்தான். கார்த்திகை மாசம் வளர்பிறை துவாதசி, தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பந்தயத்துக்குப் பேர் கொடுத்த அன்று மட்டும், இடம் முடியப் போகிறது, முடியப் போகிறது என்று ஓட்டக் குழுவில் எல்லாரும் பறந்த பறப்பில், போன வருசம் படையலை எடுத்த போட்டோவைப் போனில் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், பந்தயம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது, அப்பாடா என்று பணத்தைக் கட்டினாள். திதி இங்கிலீஷ் தேதிக்கு வருமா? வளர்பிறை டிசம்பரைப் பார்த்தா வளருகிறது? வருசா வருசம் முன்னால் நகர்ந்து வரும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நகர்ந்து நகர்ந்து இந்த வருசம் பந்தயத்து ஞாயிற்றுக்கிழமை மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று நந்தகோபால் பேரூர் ஐயருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது அவன் முகத்தில் அத்தனை சந்தோசம். ஞாயித்துக்கெழமையா அமைஞ்சது எவ்வளவு சௌரியம், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்துருவாங்க, எல்லாருக்கும் லீவு. எல்லாருக்கும். அந்த எல்லாருக்குள் அவள் இல்லை என்பது அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. அவள் மெல்லத்தான் எடுத்தாள், அன்னிக்குத்தானுங்க மாரத்தான் என்று. அடடே, என்றான். அடடே! பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவளுக்குச் சொல்கிற அடடே. அப்புறம் அடுத்த வருசம், அப்புறம் ரசம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனுக்கு என்ன, தேங்காய் அவனுடையதா?

லட்சுமி மில் தாண்டும்போது இரண்டு பையன்கள் பைக்கை மெதுவாக்கி, “அக்கா, யாரும் தொரத்தலைக்கா, நடந்தே போங்க” என்றார்கள். ஏழெட்டு மாசமாக இதே பகடி, ஆள்தான் மாறுகிறது. எவனாவது புதிதாக ஒன்று சொன்னால் நின்று பரிசு கொடுக்கலாம். துரத்தவில்லை என்று இவனுக்கு யார் சொன்னது? அவளைத் துரத்தாதது எது? பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவு அவள் தலையில், வார்ப்பு வரவில்லை என்றாலும் அவள், செம்புக் கம்பி விலை ஏறினாலும் அவள். சனிக்கிழமை சீக்கிரம் போகட்டுமா சார் என்று கேட்டால், ஜி.எம். சிரித்துக்கொண்டே, சப்ளையர் பின்னாடி ஓடறதே பத்தாதுங்களா மேடம், தனியா வேற ஓடோணுமா என்பார். அதே மனுசன் மகளிர் தினத்துக்கு அவள் ஓடுகிற படத்தைப் பெரிதாகப் போட்டு, நமது பெருமை என்று எழுதி வாசலில் மாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள் பெருமை. வீட்டுக்கு வந்தால் மகன் தருணுக்குக் கணக்கு, மாமியாருக்குக் கால்வலித் தைலம், நந்தகோபாலுக்குக் காரம் இல்லாத குழம்பு, மாவு, துணி. இதெல்லாம் தின்றது போக மிச்சம் இருக்கிற விடியலைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள், யாருக்கும் வேண்டாத நேரம், பால்காரனும் நாயும் மட்டும் புழங்குகிற நேரம். அதற்கும் கணக்குக் கேட்கிறார்கள். குழுவில் ஓடி முடித்ததும் எல்லாரும் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கடையில் டீயும் பன்னுமாக உட்காருவார்கள், ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கொண்டு, வெயில் ஏறுகிற வரை சிரிப்பு. இவள் ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறாள். ஓடவாவது நேரத்தைத் திருடிவிடலாம், சும்மா இருந்து சிரிக்கத் திருட முடியவில்லை. அந்த ஒரு நாள் சிரித்த சிரிப்பு இன்னும் வாயோரத்தில் இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்ததற்கு வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போது குற்ற உணர்ச்சி வேறு. எந்த மடச்சி கண்டுபிடித்தாள் இந்தக் குற்ற உணர்ச்சியை? அவனுக்கு ஏன் அது ஒரு பொட்டும் இல்லை?

டவுன்ஹால் பக்கம் கடைகள் சாத்தியிருந்தன, பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, சம்பங்கி வாசமும் டீசல் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறின. இடது கால் பெருவிரல் நகம் உள்ளே முட்டத் தொடங்கியது. போன மாசமே கறுத்துவிட்ட நகம், விழப்போகிறது, விழட்டும். வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தபோது நந்தகோபாலுக்கும் இப்படி ஒரு நகம் கறுத்தது, அப்போது வீடே அந்த நகத்தைப் பார்த்தது. சித்திரை பிறந்தால் அவனுக்கு மலை. ஒரு மண்டலம் கறி கிடையாது, அவனுக்காக வீட்டுக்கும் கிடையாது. மூங்கில் தடி, கம்பளி, எலுமிச்சம்பழம், புளிசாதப் பொட்டலம், எல்லாம் அவள் கட்டிக்கொடுக்க வேண்டும், ராத்திரி முழுக்க ஏழு மலையும் ஏறிவிட்டு மறுநாள் வந்து கட்டிலில் விழுந்தால், ஈசனே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு நாள் தூக்கம். அப்பா தூங்குது, டிவியைக் கொறைச்சு வை. இவள் கெண்டைக்காலில் எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டும். நீவியும் விட்டாள், கோபமாக இல்லை, ஆசையாகத்தான், கஷ்டப்பட்டு ஏறின காலல்லவா என்று. இன்றைக்கு முப்பது ஓடிவிட்டுப் போனால் அவள் காலை நீவ யார் இருக்கிறார்கள்? போனதும் மாவு கரைக்க வேண்டும். அவளும் கேட்டாள் ஒரு வருசம், நானும் மலைக்கு வரட்டுங்களா என்று. உன்ற வயசுப் பொம்பளைங்க ஏறக் கூடாது, வழக்கம் இல்லை என்றான். சரி, சாமி வழக்கம். சாலைக்கு என்ன வழக்கம்? தார் போட்ட சாலைக்குமா தீட்டு? அவன் ஏறினால் பக்தி, அவள் ஓடினால் கொழுப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள், அவள் வீட்டில் பாவம் மாமியார் எதையும் உடைத்ததில்லை, உடைக்கிறதெல்லாம் மாமியார் பெற்ற பிள்ளை.

மாமியார். நேற்று ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சாந்தாமணி அத்தை வந்து பக்கத்தில் நின்றாள். அதிகம் பேசாத மனுசி. வந்ததும் குழாயைச் சற்று வேகமாகத் திருப்பிவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கூடத்துக்குக் கேட்காது என்று. “அம்மிணி, அன்னிக்கு உனக்கு அந்த மூணு நாளுன்னு சொல்லீரு. ஒதுங்கியிருக்கறவ சமைக்க முடியாதல்ல. கோபியிலிருந்து கோமதி வந்துருவா, நானும் அவளும் பாத்துக்கறோம். நீ பாட்டுக்குப் போயிட்டு வா” என்றாள். கோமதி, நந்தகோபாலின் தங்கை. கோகிலவாணிக்குக் கையில் இருந்த வாணலி நழுவியது. அத்தையா? சொந்தப் புருசன் திதிக்கா? சும்மா நின்றாள். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தை அவள் தோளில் ஈரக்கையை ஒரு நொடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நல்ல மனசுதான், இல்லை என்று யார் சொன்னது? நல்ல வழியும்தான். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, நந்தகோபால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டான், கூச்சப்பட்டுக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். ஓடுகிறேன் என்றால் கேட்காத காது அதற்கு உடனே கேட்கும். எட்டு மாசம் விடியலில் எழுந்தேன் என்றால் கிடைக்காத விடுதலையை, உடம்பில் தீட்டு என்றால் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதுதான் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று தள்ளவும் தைரியம் இல்லை. திரும்பிப் போவதற்குள் ஏதோ ஒன்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் காலை டிபன் ஆனதும் அவன் ஒறம்பரைக்கு எல்லாம் போன் போடத் தொடங்குவான், அப்புறம் எது சொன்னாலும் எடுபடாது.

உக்கடம் குளத்தின் மேல் விடிந்தது. நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது, நிற்கவில்லை. பயம்தான். நின்றால் கால் மறுபடி கிளம்பாதோ என்கிற பயம் இல்லை, அதைவிடப் பெரியது, இந்த வருசமும் விட்டுவிட்டால் இனி இல்லை என்கிற பயம். முதல் தடவை பேர் கொடுத்த வருசம் தருணுக்கு டெங்கு, பந்தயத்தன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ரத்தத் தட்டணு எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை பிழைத்தான், சாமி இருக்கிறது. மறு வருசம் கம்பெனியில் தணிக்கை, ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொன்னார்கள், போனாள். அடுத்த வருசம், அடுத்த வருசம். இப்படியே போனால் அவள் மாரத்தான் ஓடினவள் ஆகமாட்டாள், மாரத்தான் ஓடப்போகிறவளாகவே கிழவியாகிவிடுவாள். நாற்பத்தொன்று ஆகிறது. படி இறங்கும்போது வலது முட்டியில் இப்போதே ஒரு சத்தம். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் முட்டி போனது, நாற்காலியில் உட்கார்ந்துதான் இப்போது கும்பிடுகிறாள். உடம்பு யாருக்காகவும் அடுத்த வருசம் வரை காத்திருக்காது. இதை நந்தகோபாலிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அப்பறம் எதுக்கு ஓடற, முட்டி போயிருமல்ல என்பான். அக்கறையாகவே சொல்வான், அதுதான் அவனை அடிக்கவும் முடியவில்லை. குடிக்கிறவனாகவோ கை நீட்டுகிறவனாகவோ இருந்தால் வெளியே போய்ச் சொல்லவாவது ஒரு கதை இருக்கும். நல்லவன். ஊரே சொல்கிற நல்லவன். நல்லவனிடம் கோபப்படுவது போல ஒரு வீண் வேலை உலகத்தில் கிடையாது, ஆனாலும் செல்வபுரம் முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓடினாள்.

இதற்குள் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பளை என்றால் எந்தச் சுவரும் கக்கூஸ். செல்வபுரத்துக்குப் பிறகு மூன்று பேரைப் பார்த்துவிட்டாள், வண்டியை நிறுத்திவிட்டு உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், என்ன நிம்மதி அந்த முதுகுகளில். இவள் அடக்கிக்கொண்டு ஓடினாள், அடக்கிக்கொண்டு ஓடுவதற்கும் ஒரு மெடல் கொடுக்க வேண்டும். பேரூர்க் கோபுரம் தெரிந்தபோது கண்ணில் நீரே வந்துவிட்டது, பக்தியால் இல்லை. படித்துறைக்குப் போகிற வழியில், பூஜைச் சாமான் கடை ஒன்றைத் திறந்து ஒரு அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் வீடு. கோகிலவாணி மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, “அக்கா, பாத்ரூம் போகோணும், தப்பா நெனைக்காதீங்க” என்றாள். அந்த அம்மாள் இவள் அரைக்கால் சட்டையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், உப்புப் பூத்த முகத்தைப் பார்த்தாள். முகம் சுளிக்கப் போகிறாள் என்று இருந்த நேரத்தில், “எங்கிருந்து ஓடி வாரீங்க?” என்று கேட்டாள். பீளமேட்டிலிருந்து என்றதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “வேண்டுதலுங்களா?” என்றாள். கோகிலவாணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆமாங்க்கா” என்றாள். அவ்வளவுதான், தகரக் கதவு திறந்தது. வெளியே வந்தால் சொம்பில் மோர், உப்பும் கறிவேப்பிலையும் போட்டது. “குடிங்க சாமி, உங்க வேண்டுதல் பலிக்கட்டும். வெறுங்கால்லதான் ஓடியிருக்கோணும், பரவால்ல, பட்டீசுவரன் ஏத்துக்குவான்” என்று சொல்லி, நெற்றியில் திருநீறு பூசி, கூச்சமே இல்லாமல் இவள் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மோர் குளிர்ச்சியாக இறங்கியது. கோகிலவாணி வேறெங்கோ பார்த்தபடி குடித்தாள். படித்துறையில் ஆம்பளைகள் சட்டையில்லாமல் உட்கார்ந்து ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் கழற்றி வைத்த சட்டைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு அவரவர் வீட்டுப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வருசா வருசம் அவளும் அங்கேதான் உட்காருவாள், நந்தகோபாலின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

திரும்பி ஓடும்போது வெயில் ஏறியிருந்தது. எதற்கு ஆமாம் என்று சொன்னாள்? யாருக்கு வேண்டுதல், எதற்கு வேண்டுதல்? எனக்கு ஓடப் பிடிக்குமுங்க்கா என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா? திறந்தும் இருக்கலாம், அதுதான் கொடுமை, அவள் சொல்லிப் பார்க்கவே இல்லை. அவள் வாயே முந்திக்கொண்டு மண்டியிட்டுவிட்டது. சாமிக்கு என்றால் ஓடலாம், பிள்ளைக்கு என்றால் ஓடலாம், பஸ்ஸுக்கு ஓடலாம், தீப்பிடித்தால் ஓடலாம், சும்மா, காலுக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் ஓடக்கூடாது, அதைக் கேட்டால் ஊருக்குப் புரியாது, ஊருக்குப் புரியாது என்று அவளே முன்கூட்டித் தீர்மானித்துப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. அவள் புறங்கையால் துடைத்தாள், மறுபடி இறங்கியது. இன்றைக்கு வேண்டுதல், அன்றைக்கு மூணு நாள். தீட்டு என்று சொல்லிவிட்டுப் போய் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடி முடித்தால், முடித்தது யார்? போட்டோவைப் போட முடியுமா? மெடலைக் கூடத்தில் மாட்ட முடியுமா? அந்த நாளிலா ஓடினே, அட கருமமே என்று கோமதி முகத்தைச் சுளிப்பாள், அதையும் தின்றுகொண்டு நிற்க வேண்டும். இல்லை. மாட்டாள். சொல்லப் போவதில்லை. அத்தை மன்னித்துக்கொள்ளட்டும். உக்கடம் தாண்டுகையில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன, சட்டைத் தையல் கக்கத்தில் உரசி உரசித் தோல் பிய்ந்துவிட்டது, அவளுக்கு அதெல்லாம் யாருக்கோ நடப்பது போல இருந்தது, வாய்க்குள் ஒரே வேலையாக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். உங்க அப்பாவுக்குத்தானுங்க திதி, எங்கப்பாவுக்கு இல்லை. மாமா மேல எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை, அவர் கடைசி ஆறு மாசம் படுக்கையில் கிடந்தப்ப மலம் அள்ளினது இந்தக் கைதான். அவர் இருந்தா, போயிட்டு வா கண்ணுன்னு சொல்லியிருப்பார். இல்லை, இது வேண்டாம், செத்தவர் வாயில் சொல்லைத் திணிப்பது அழகில்லை. நான் ஓடப் போறேனுங்க. அவ்வளவுதான். காரணம் ஒண்ணுமில்லை. அவன் கோபப்படுவான். பட வேண்டும். ஒரு தடவையாவது அவன் அடடே சொல்லாமல் கோபப்பட வேண்டும், அவளை ஒரு ஆளாக மதித்து எதிரில் நின்று கத்த வேண்டும், அதற்காகவே அவள் கடைசி மேட்டை நடக்காமல் ஓடி ஏறினாள்.

கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது கூடத்தில் நந்தகோபால் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். அதற்குள்ளாகவே போன். டிபனுக்கு முன்னாலேயே. அடுப்படி வாசலில் அத்தை தோசைக்கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தா வந்துட்டா கோமதி” என்றான் நந்தகோபால், வாயெல்லாம் சிரிப்பாக. “ஏன் கோகிலா, நேத்தே சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமல்ல? அம்மா இப்பத்தான் சொல்லுச்சு, அன்னிக்கு உனக்கு அந்த நாளுன்னு. அதச் சொல்லறதுக்கு என்ன வெக்கம்? கோமதி வந்து சமைச்சுக்கறங்கறா. நீ போயி நிம்மதியா ஓடிக்க. எப்படியும் வீட்ல இருந்தா ஒதுங்கித்தான் உக்காந்திருக்கோணும்.”

முடிந்துவிட்டது. எட்டு மாசமாக அவள் கேட்காமல் கேட்டது, சோபாவிலிருந்து எழாமலே கொடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போக வேண்டும். அத்தையின் கண்கள் அதைத்தான் சொல்லின, போயிரு அம்மிணி, போயிரு. நேற்றுச் சும்மா நின்றதை அத்தை சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டு அவளே முந்திச் சொல்லியும்விட்டாள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். பேரூரில் ஆமாங்க்கா என்ற வாய்.

“எனக்கு அன்னிக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

“என்ன இல்ல?”

“நாளும் இல்ல, தீட்டும் இல்ல. குளிச்சுட்டுச் சுத்தமாத்தான் இருப்பேன். ஆனா சமைக்க மாட்டேன். ஓடப் போறேன். எனக்கு ஓடோணும்னு இருக்குது, அதனால ஓடப் போறேன்.”

சொல்லிவிட்டாள். அடுக்கி வைத்ததில் பாதிகூட வரவில்லை, பரவாயில்லை, வந்தது போதும். காது இரண்டும் கொதித்தன. வா, கத்து, எழுந்து நின்று கத்து என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிவந்துதான் போனது. ஆனால் இவள் பக்கம் திரும்பவில்லை. போனில் கோமதி, “அப்ப அம்மா பொய்யா சொல்லுச்சு? அய்யன் திதிக்கா பொய் சொல்லுச்சு?” என்று கேட்டாள், நந்தகோபால் அடுப்படி வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

“ஏம்மா?” என்றான். “அய்யன் திதிக்காம்மா?”

“அத்தையக் கேக்காதீங்க. ஓடறது நானு. என்னையக் கேளுங்க” என்று கோகிலவாணி கத்தினாள்.

அவன் கையை மட்டும் காட்டினான், நீ இரு என்று. பெற்ற பிள்ளை முன்னால் எழுபது வயதில் பொய்க்காரியாக நின்று சாந்தாமணி அத்தைக்குப் பழக்கம் இல்லை. அழாமல், குரலையும் ஏற்றாமல் சொன்னாள். “உங்கப்பாரு, அதான் எம்மாமனாரு, அவரு திதிக்கு மூணு வருசம் நான் வெளிய உக்காந்திருந்தனே, உனக்கு ஞாபகம் இருக்குதா நந்து? அதுல ஒண்ணுதான் நெசம்.”

அத்தை தோசைக்கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நாப்பது எலைக்குச் சமைக்கோணும் அப்பல்லாம். முடியலைன்னா யாரு உடுவா? மத்த ரெண்டு தடவையும் மாடியறைல கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குனேன். பொழுதுக்கும் தூங்குனேன். இதையும் சேத்து உன்ற தங்கச்சிகிட்டச் சொல்லிக்க.” சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

நந்தகோபால் ஸ்பீக்கரை அணைத்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்ல கோமதி, அவ இல்ல, அம்மாதான், ஆமா, நம்ம அம்மாதான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனான். அவனைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தடவை கத்த வேண்டும் போல கோகிலவாணிக்கு வெறி வந்தது. கத்தினாலும் அவன் அம்மாவைப் பற்றித்தான் பேசுவான், திதி வரைக்கும், திதிக்குப் பிறகும். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போனாள்.

“அத்தை, நான் உங்களக் காட்டிக் குடுக்கோணும்னு சொல்லலீங்க. எனக்குப் பொய் சொல்லிட்டுப் போக முடியலை.”

“நீ ஓடு. ஓட வேண்டாம்னு யாரு சொன்னா?” என்றாள் அத்தை, கல்லைப் பார்த்தபடி. “இந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அந்தப் பொய் ஒண்ணுதான். அதத்தான் உனக்குக் குடுத்தேன்.”

சொல்லிவிட்டுக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, மாவை ஊற்றினாள்.